சுண்ணாம்புக் கப்பல்

இங்கிலாந்திலிருந்து பெங்களூருக்கு விமானத்தில் வந்தபோது எனக்குப் பயமாக இல்லை. நடுவானில் விமானம் குலுங்கியது. பக்கத்து சீட்டு அம்மாள் கண்ணை மூடி ஜெபம் சொன்னார். நான் அவர் வேண்டாமென்று வைத்த ரொட்டியையும் சேர்த்துத் தின்றுகொண்டிருந்தேன். பயம் எனக்குத் தளி பக்கத்து டவுன் பஸ் ஒன்றில், ஜன்னலோர சீட்டில் காத்திருந்தது.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். லாரி கிளீனர், கிரானைட் குவாரி, மாம்பழக் கூழ் கம்பெனி, கப்பல் சமையலறை என்று சுற்றி, கடைசியில் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சின்ன ஊரில் இந்திய ஓட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவினேன். பக்கத்தில் வெங்காயம் உரித்தவன் சேவியர். அவன் அக்கா ஆரோக்கியமேரி, தளிக்கு அப்பால் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் ஊருக்குக் கிளம்பியபோது சேவியர் ஒரு பையைக் கொடுத்தான். அதில் அட்டையில் செய்த தங்க நிறத் தலைக்கவசம் இரண்டு. முகத்தையும் மூடும், கண்ணுக்கு மட்டும் ஓட்டை. கூடவே பிள்ளைகள் தோண்டி விளையாட இரண்டு சுண்ணக்கட்டிகளும், சின்னக் கரண்டி போன்ற இரண்டு கொல்லறுகளும். ஒவ்வொரு கட்டிக்குள்ளும் ஒரு பிளாஸ்டிக் பெல்ட் பக்கிள் ஒளிந்திருக்கும்.

"ஒரு செட்டு அக்கா ஸ்கூலுக்கு. இன்னொண்ணு உங்க அக்கா பேத்திக்கு. சும்மா குடுத்துட்டு ஓடி வந்துராத மாப்ள. அந்த ராஜா கதைய புள்ளைங்களுக்குச் சொல்லிட்டு வா" என்றான்.

அந்த ராஜாவைப் புதைத்த மேட்டை நாங்கள் இரண்டு பேரும் ஒரு லீவு நாளில் போய்ப் பார்த்திருந்தோம். அங்கே பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது, சத்தம் கிடையாது, காலை மிதித்தவனிடமே மிதிபட்டவன் மன்னிப்புக் கேட்கிறான். மேட்டுப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்து வெள்ளைக்காரப் பிள்ளைகள் ரொட்டி தின்றன. பிணம் புதைத்த இடத்தில் பிள்ளைகளைத் தின்ன விடுகிறார்களே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நம் பக்கத்தில் அப்படிப்பட்ட இடத்து நிழலில் ஆடுகூடப் படுக்காது.

ஓசூரில் இறங்கியது வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஷிப்ட் முடிந்த நேரம். கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து, கழுத்தில் அட்டை தொங்கும் பையன்களையும் பெண்களையும் கொட்டிவிட்டுப் போயின. ஒரு மெஸ்ஸில் ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் தின்றேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு களி. விரலைக் குழம்பில் தோய்த்து, உருண்டையைக் கிள்ளி, மெல்லாமல் விழுங்கியபோது கண்ணில் தண்ணீர் வந்தது. குழம்பில் காரம் அதிகம்.

டீக்கடைக்காரர் என் பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எந்தூருங்ணா?"

"கல்லாவி. நாளைக்குத் தளி தாண்டிப் போறேன்."

"தளிக்கா? சூதானமா போங்க. மலைமேல எவனோ குழி தோண்டியிருக்கானாம். எலுமிச்சம்பழம், குங்குமம், சுண்ணாம்புல கட்டம். தலைச்சன் புள்ளைய பலி குடுத்தாத்தான் பூதம் புதையலை வுடுமாம். புள்ள புடிக்கிற கும்பல் சுத்துது."

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கணுமாக்கும்? எட்டு குரூப்புல வந்திருக்குது" என்று போனை நீட்டினார். பக்கத்தில் போண்டா தின்றுகொண்டிருந்தவர், "போன வாரம் பஞ்சுமிட்டாய் விக்க வந்த இந்திக்காரன மரத்துல கட்டிட்டாங்க" என்றார். "அப்பறம் பாத்தா அவன் நெசமாலுமே பஞ்சுமிட்டாய்தான் விக்க வந்திருக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் லாட்ஜ் அறையில் படுத்த பிறகு அந்தப் பஞ்சுமிட்டாய்க்காரன் எப்படிச் சிரித்திருப்பான் என்று யோசனை வந்தது. எழுந்து கதவின் தாழ்ப்பாளை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் தளி பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. டயர் கோளாறு இல்லை, இன்ஜின் கோளாறும் இல்லை. கியர் கம்பி கையோடு வந்துவிட்டது என்று டிரைவர் அதைத் தூக்கிக் காட்டினார். இறங்கி நின்றோம். ஏப்ரலிலும் அங்கே காற்று குளிர்ந்திருந்தது. இரண்டு பக்கமும் முட்டைக்கோஸ் வயல், அதற்கு அப்பால் ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்கள். வேலியோரம் விளையாடிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை என்னைப் பார்த்துக் கையாட்டியது. நானும் கையைத் தூக்கினேன். எங்கிருந்தோ ஒரு பெண் ஓடி வந்து பிள்ளையை இடுப்பில் அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். போகும்போது திரும்பி என் காலிலிருந்து தலைவரைக்கும் ஒரு தடவை பார்த்தாள். அங்க அடையாளம் மனப்பாடம் பண்ணுகிறவளின் பார்வை.

அடுத்த பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். பள்ளிக்கூடம் ரோட்டோரத்தில் இருந்தது. சனிக்கிழமையானாலும் டீச்சர் பிள்ளைகளை வரச் சொல்லியிருந்தார். பின்னால் பாறைக்குன்று. அதன்மேல் பெரிய பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி வைத்த கூடுகள் தெரிந்தன. நம் ஆட்கள் செத்தவர்களுக்கு அந்தக் காலத்தில் கட்டியவை. ஊரில் அதைக் குள்ளர் வீடு என்கிறார்கள். குள்ளர்கள் குடியிருந்தார்களாம்.

"இவரு முருகேசன் மாமா. சீமையில ராஜாவைப் பொதச்ச எடத்தக் கண்ணால பாத்துட்டு வந்திருக்காரு" என்று டீச்சர் என்னைப் பிள்ளைகள் முன் நிறுத்தினார்.

நான் சொன்னேன். ரொம்ப காலத்துக்கு முன்னால், ஆயிரத்து நானூறு வருஷம் இருக்கும், கடல் தாண்டி வந்து அந்த நாட்டில் குடியேறிய ஜனங்கள் இருந்தார்கள். ஆங்கிலோ-சாக்சன் என்று பேர். அவர்களில் ஒரு ராஜா செத்துப்போனார். அவரை வெறும் குழியில் வைக்க அவர்களுக்கு மனசு வரவில்லை. ஆற்றிலிருந்து ஒரு முழுக் கப்பலை மேட்டுக்கு இழுத்து வந்தார்கள்.

"கப்பலையா? கரையிலயா?" என்றான் ஒருவன்.

"ஆமா. தேர் இழுக்கிற மாதிரி. குழி தோண்டி, கப்பலை எறக்கி, நடுவுல மரத்துல ஒரு அறை கட்டி, ராஜாவ அங்க படுக்க வெச்சாங்க."

"கூட என்ன வெச்சாங்க?" இது முன்வரிசையில் இருந்த ஒரு பெண். லாவண்யா என்று பேர். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். கேள்வி கேட்கும்போது மூன்றும் கலந்து வரும்.

தலைக்கவசம், வாள், கேடயம், வெள்ளிக் கிண்ணங்கள், கஞ்சி காய்ச்சும் பெரிய அண்டா, வாசிக்க ஒரு யாழ், பை நிறையத் தங்கக் காசு, பெல்ட்டில் மாட்டும் தங்கப் பக்கிள், தோளில் மாட்டும் தங்கக் கொக்கிகள். அந்தக் கொக்கிகளில் கார்னெட் என்ற சிவப்புக் கல்லைச் சன்னமாகச் சீவிப் பதித்திருந்தார்கள். அந்தக் கல்லில் கொஞ்சம் நம் நாட்டுப் பக்கத்திலிருந்து கப்பலில் போயிருக்கலாம் என்று அங்கே ஓர் அம்மாள் விளக்கிச் சொன்னார். சேவியர்தான் எனக்கு அதைத் தமிழில் சொன்னான்.

"செத்தவருக்கு எதுக்கு அண்டா?"

"போற எடத்துல பசிக்கும்ல?"

இது அவர்களுக்குச் சரியென்று பட்டது. மண் மூடி மேடு கட்டினார்கள். பிறகு எல்லோரும் மறந்துபோனார்கள். நடுவில் ஒரு காலத்தில் திருடர்கள் வந்து தோண்டினார்கள்; கொஞ்சம் தள்ளித் தோண்டியதால் ஒன்றும் கிடைக்காமல் போனார்கள். கடைசியில் அந்த நிலத்துக்காரம்மா ஆள் வைத்துப் பொறுமையாகத் தோண்டச் சொன்னார். பார்த்தால் கப்பல் இல்லை. மரத்தை மண் தின்றுவிட்டது. பலகைகளை அடித்திருந்த இரும்பு ஆணிகள் மட்டும் வரிசை கலையாமல் நின்றன. மணலில் கப்பலின் உருவம் அப்படியே பதிந்திருந்தது.

"ராஜா?"

"ராஜாவையும் மண்ணு தின்னுடுச்சு. எலும்புகூட இல்ல."

லாவண்யா குன்றைத் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "பூதத்துக்கு யாரை பலி குடுத்தாங்க மாமா?"

"யாரையும் குடுக்கல. தங்கத்தை எல்லாம் அந்தம்மா மியூசியத்துக்குக் குடுத்துட்டாங்க. சும்மாவே."

இதை ஒருவரும் நம்பவில்லை.

கப்பல் எவ்வளவு பெரிசு என்று கேட்டார்கள். வாயால் சொன்னால் விளங்காது. விளையாட்டுப் போட்டிக்குக் கோடு போட வைத்திருந்த சுண்ணாம்புத் தூளை டீச்சர் கொடுத்தார். மைதானத்தில் கப்பலை வரைந்தேன். இரண்டு முனையும் கூர்மையாக, நடுவில் அகன்று, மைதானத்தின் பாதியைப் பிடித்தது. ஆணிகளுக்குப் பதிலாகப் பிள்ளைகள் கோட்டின்மேல் கல் வைத்தார்கள். சிவப்புக் கல்லுக்கு ரோஜா இதழ். கூடாரங்களில் கழித்துப் போடும் பூ அங்கே எல்லா வீட்டிலும் கூடைகூடையாகக் கிடக்கும்.

"ராஜா யாரு?"

"நானு" என்று லாவண்யா முந்திக்கொண்டாள். நடுவில் மல்லாந்து படுத்தாள். தோள்களைச் சுற்றிப் பிள்ளைகள் சிவப்பு இதழ்களைக் கொட்டினார்கள். தலைக்கவசத்தை அவளுக்குப் போட்டால் மூச்சு முட்டுகிறது என்றாள். அதனால் நான் போட்டுக்கொண்டேன். மற்ற பிள்ளைகளைக் கோட்டுக்கு வெளியே தள்ளி நிற்கச் சொன்னேன். டீச்சர் மீதி இதழ் எடுத்துவர உள்ளே போயிருந்தார்.

அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். அட்டைக்குள்ளிருந்து பேசினால் கேட்காதென்று நான் கத்தினேன். "நீ செத்துட்ட. செத்தவங்க அசையக் கூடாது. கண்ண மூடு."

அவள் கண்ணை மூடினாள். நிஜமாகவே அசையாமல் கிடந்தாள். அப்போது ரோட்டில் ஒரு பைக் நின்றது. பின்சீட்டு ஆள் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். பள்ளிக்கூட விளையாட்டைப் படம் எடுக்கிறான் என்று நினைத்தேன். கவசத்தைக் கழற்றாமலே அவனைப் பார்த்துக் கையாட்டினேன்.

பைக் பறந்தது. அடுத்த நொடி லாவண்யா துள்ளி எழுந்து, "எறும்பு மாமா! ராஜாவ எறும்பு கடிக்குது!" என்று முதுகைத் தட்டிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். மைதானம் முழுக்கச் சிரித்தது.

டீச்சர் எலுமிச்சைச் சாதம் போட்டார். சாயங்கால பஸ்ஸில் ஏறினேன். ஒரு செட்டைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தாயிற்று; மற்றதைப் பையில் வைத்துக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டேன்.

பக்கத்தில் செக்யூரிட்டி யூனிபார்ம் போட்ட ஒருவர் உட்கார்ந்தார். இரவு ஷிப்டுக்கு ஓசூர் போகிறவர். போனைத் திறந்தார். அதிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நீ செத்துட்ட. செத்தவங்க அசையக் கூடாது. கண்ண மூடு."

என் குரல். நான் திரும்பாமல் கண்ணை மட்டும் சாய்த்தேன். வெள்ளைக் கோடு. நடுவில் ஒரு பெண் பிள்ளை. அவளைச் சுற்றிச் சிவப்பு. தங்க முகமூடி போட்ட ஒருவன் குனிந்து நிற்கிறான். தலையை நிமிர்த்தி நேராகப் பார்க்கிறான். கையைத் தூக்குகிறான். அவ்வளவுதான். மறுபடியும் முதலிலிருந்து. அந்த ஆள் நான் என்று எனக்குத் தெரியும். அப்படியும் அவனைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"பாத்தீங்களா சார்? பட்டப்பகல்ல" என்றார் செக்யூரிட்டி. முன்சீட்டுக்காரர் கன்னடத்தில், இவனையெல்லாம் போலீசிடம் கொடுக்கக் கூடாது, கையில் கிடைத்தால் அங்கேயே முடித்துவிட வேண்டும் என்றார். பின்னால் ஒரு பெண், "நீலக் கட்டம் போட்ட சட்டை. நல்லாத் தெரியுது" என்றாள்.

நான் ஜெர்கினின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தேன்.

"குளுருதா சார்?"

"ஆமா."

பையை வெளியே எறிந்துவிடலாம் என்று ஜன்னல் ஷட்டரைத் தூக்கினேன். துருப்பிடித்து இறுகியிருந்தது. செக்யூரிட்டி நல்ல மனிதர். "இருங்க சார், நான் தூக்கறேன்" என்று என் மடிமேல் சாய்ந்து முக்கினார். அவர் முழங்கால் பையில் இடித்தது. அட்டை நொறுங்கும் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. இறங்கி ஓடலாம். அந்நேரத்தில் வயல்காட்டில் ஓடுகிறவனை யாரும் பஞ்சுமிட்டாய்க்காரன் என்று நினைக்க மாட்டார்கள். அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ரோஜாக் கூடாரங்களின் முன்னால் ஆட்கள் பஸ்ஸை மறித்து நின்றார்கள். வேலை முடிந்த பெண்கள் ஒரு பக்கம் கூட்டமாக நின்றார்கள். நாலைந்து பேர் ஏறினார்கள்.

"பை எல்லாத்தையும் தொறங்க."

என்னிடம் வந்தபோது நானே ஜிப்பைத் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. தங்க முகம் வெளியே வந்தது.

அதன்பிறகு நடந்தது துண்டுதுண்டாகத்தான் நினைவில் இருக்கிறது. படிக்கட்டில் இழுத்தார்கள். ஒரு செருப்பு பஸ்ஸிலேயே தங்கிவிட்டது. "கொல்லறு வெச்சிருக்கான் பாரு!" என்று ஒருவன் அந்தச் சின்னக் கரண்டியைத் தூக்கிக் காட்டினான். இன்னொருவன் சுண்ணக்கட்டியை ரோட்டில் அடித்து உடைத்தான். மஞ்சளாக மின்னிக்கொண்டு பக்கிள் உருண்டது. கூட்டம் ஒரு நொடி மூச்சை இழுத்தது. ஒரு கிழவர் அதை எடுத்துக் கடித்துப் பார்த்து, "த்தூ, பிளாஸ்டிக்கு" என்று துப்பினார். யாரும் சிரிக்கவில்லை. முதுகில் முதல் அடி விழுந்தது.

"டீச்சர கேளுங்க... ஸ்கூல்ல கதை சொன்னேன்..."

"எந்த டீச்சர்ரா? உன் கும்பலா?"

அப்போதுதான் பெண்கள் பக்கமிருந்து ஓர் அலறல். எவரோ வீடியோவை அங்கே காட்டியிருக்கிறார்கள். ஒருத்தி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். கையில் முள் குத்தாமல் போடும் உறை. அதே கையால் என் சட்டையைப் பிடித்தாள். லாவண்யாவின் அம்மா ரத்னம்மா அவள். அப்போது எனக்கு அது தெரியாது. முகம் மட்டும் தெரிந்தது. நான் பட்ட பயமெல்லாம் அந்த முகத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"எங்கடா எம்பொண்ணு? எங்க பொதச்ச?"

"நல்லா இருக்குதும்மா. வூட்ல இருக்கும். போன் பண்ணிப் பாரும்மா."

அவளால் எண்ணை அழுத்த முடியவில்லை. கூட வேலை செய்யும் பெண் அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. கூட்டம் என் முகத்தைப் பார்த்தது. மறுபடியும் போட்டார்கள். எடுக்கவில்லை. ஒருவன் வேலியிலிருந்து ஒரு கழியைப் பிடுங்கினான். அந்த மணிச் சத்தம் தவிர எனக்கு வேறு எதுவும் கேட்கவில்லை. அது நிற்கிற நொடியில் நான் செத்தேன் என்று தெரிந்தது.

"அம்மா?"

குரல் வந்ததும் ரத்னம்மா ரோட்டிலேயே உட்கார்ந்தாள். தெலுங்கில் என்னவோ கேட்டாள்.

"பால் வாங்கப் போயிருந்தேம்மா. போன் வூட்ல இருந்துச்சு. அம்மா, இன்னைக்கு நான்தான் ராஜா தெரியுமா? கப்பல்ல வெச்சுப் பொதச்சாங்க. என்னை எறும்பு கடிச்சிருச்சு. ராஜாவுக்குப் பசிக்கும்னு அண்டாகூட வெச்சாங்களாம். அந்தக் கப்பல மண்ணு தின்னுடுச்சாம்மா, ஆணி மட்டும்..."

அவள் நிறுத்தவேயில்லை. நான் சொன்னதை எல்லாம் வரிசையாக, என்னைவிட நன்றாகச் சொன்னாள். கழி வைத்திருந்தவன் அதை ஊன்றிக்கொண்டு கேட்டான். "தங்கம் எவ்வளவு கெடச்சுதாம்?" என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள்.

ரத்னம்மா எழுந்தாள். உறையைக் கழற்றினாள். வெறுங்கையால் என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"கதை சொல்ல உனக்கு எம்பொண்ணுதான் சாகணுமா?" என்றாள். பிறகு மற்றவர்களிடம், "வுடுங்க அவனை" என்றாள்.

விட்டார்கள். எவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. கண்டக்டர் என் செருப்பைப் படிக்கட்டில் வைத்து விசில் அடித்தார். பிளாஸ்டிக் பக்கிளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினேன். செக்யூரிட்டி தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். ஓசூர்வரை போனைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியில் பஸ் மாறி, கல்லாவியில் அக்கா வீட்டுக்குப் போனேன். உதடு வீங்கியிருந்ததற்குத் தளி பஸ் படியில் விழுந்தேன் என்றேன். நான் எங்கிருந்து வந்தாலும் அடிபட்டுத்தான் வருவேன் என்பதால் அக்கா மேற்கொண்டு கேட்கவில்லை. நாட்டுக்கோழிக் குழம்பு ஊற்றினாள். பேத்தி எதிரில் உட்கார்ந்து, தாத்தா என்ன வாங்கி வந்தார் என்று என் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ தளி பக்கமெல்லாம் சுத்தற ஆளு. இதப் பாரு மொதல்ல" என்று அக்கா போனை என் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். வெள்ளைக் கோடு. சிவப்பு. தங்க முகம். கையைத் தூக்குகிறான், முடிந்துவிடுகிறது. அதற்கு அடுத்த நொடியில் எறும்பு கடிக்கும், அவள் எழுந்து சிரிப்பாள். அந்த நொடி அதில் இல்லை. கீழே, அந்தப் பிள்ளையின் உடல் இன்னும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தது.

"யாரு பெத்த புள்ளையோ. பாவம்" என்றாள் அக்கா.

"அந்தப் புள்ளை நல்லா இருக்குதுக்கா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்த முகமூடி போட்டிருக்கறது நான்தான்."

அக்கா சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவள் இடது கை மட்டும் தானாக நீண்டு, பேத்தியின் தோளைப் பிடித்துத் தன் முதுகுப் பக்கம் இழுத்துக்கொண்டது.

நான் முதலிலிருந்து எல்லாம் சொன்னேன். ராஜா, கப்பல், எறும்பு, ரத்னம்மா. அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். "அட கடவுளே" என்றாள். இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள், வலது கையால்.

பேத்திக்கென்று கொண்டுவந்த பக்கிள் சட்டைப் பையில் இருந்தது. அதை நான் வெளியே எடுக்கவில்லை.